உஷார்! பழைய சின்னக் காரில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறீர்களா?

சாவியைத் திருகினால் மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆகும். ஏசி போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும். உடனே அணைத்துவிட வேண்டும். பிரேக்கை ஒருமுறை பம்ப் பண்ணி, அடுத்த மிதியில்தான் நிறுத்த முடியும். பதினைந்து வருஷம் ஓடிய மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா வைத்திருப்பவர்களில் பலரிடம் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. கூடவே, "நம்ம வண்டிதானே, அதோட குணம் எனக்குத் தெரியும்" என்ற தைரியமும்.

அந்தத் தைரியம்தான் பயமுறுத்துகிறது. பம்ப் பண்ணி மிதிக்க வேண்டிய பிரேக் என்றால், லைனில் காற்று புகுந்திருக்கலாம், எங்கோ ஆயில் கசியலாம், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். உங்கள் கால் அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பழுது அப்படியே இருக்கிறது. குறுக்கே ஒரு மாடு வந்து நின்றால் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது. ராத்திரி அவசரத்துக்கு மனைவியோ மகனோ வண்டியை எடுத்தால், அவர்கள் காலுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

ஊருக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும்வரை இந்தச் சமாளிப்பு செல்லுபடியாகும். லீவு விட்டதும் நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், கொளுத்தும் வெயில், ஐந்து மணி நேர ஹைவே என்று வரும்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் கை விரிக்கும்.

முதலில் சூடு. நம் ஊரில் என்ஜின் சூடேறினால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதும், ரேடியேட்டர் ஃபேனுக்கு 'டைரக்ட்' கொடுத்துவிடுவதும் பரவலான வைத்தியம். வண்டி ஓடும், முள்ளும் கீழே இறங்கும். ஆனால் ரேடியேட்டருக்குள் அடைந்திருக்கும் உப்பும் துருவும் எங்கேயும் போகவில்லை. கூலன்ட்டுக்குப் பதில் வருஷக்கணக்கில் போர்த் தண்ணீர் ஊற்றினால் அடைக்காமல் என்ன செய்யும்? என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் தண்ணீர் நின்றால், அந்த வண்டி இன்னும் வெளியூருக்குத் தயாராகவில்லை. என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஆயிலோடு கலக்கிறதா, கேஸ்கட் போயிருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்து உடனே சோதிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் அளப்பது தண்ணீரின் சூட்டை. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிட்டால், சென்சாரைச் சுற்றி ஆவியும் காற்றும்தான் மிஞ்சும். அப்போது முள் ஏறாமல் இருக்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது டேஷ்போர்டு எல்லாம் நலம் என்று காட்டும். ஆகவே முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இனிப்பான வாடை, பானட் ஓரத்தில் ஆவி, இழுவை திடீரென்று குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் ஓரம்கட்டி என்ஜினை அணையுங்கள். அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மூடி லேசாகத் திரும்பினாலே முகத்தில் பீறிட்டு அடிக்கும். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்; அலுமினிய ஹெட் விரிசல் விட வாய்ப்புண்டு.

இரண்டாவது, பெட்ரோல் ஹோஸ். இதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். எம்பிஎஃப்ஐ என்ஜின்களில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. சின்னக் கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் குழாய்க்கு வயது பதினைந்து என்றால், வளைவில் விரலால் அமுக்கிப் பார்த்தாலே மேல்தோல் வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். ஒரு வெடிப்பு திறந்துகொண்டால் பெட்ரோல் சொட்டாது. ஸ்ப்ரே போலப் பீச்சும். பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

போதாக்குறைக்கு, இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்கள் பெரும்பாலும் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் சீக்கிரமே மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொன்னது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் கெடுதல். ஃபியூயல் ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் மூன்றையும் மாற்றினாலும் பெரிய செலவில்லை. சாதாரண ரப்பர் டியூபை வெட்டிச் சொருகிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் சாவியையே தொடாதீர்கள்.

ஒயரிங்கும் இந்தக் கணக்கில்தான் சேரும். அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது, தீ பிடிக்க நாமே வழி செய்து கொடுப்பது. எலி கடித்த ஒயருக்கு டேப் சுற்றி ஓட்டுவதும் அப்படியே.

மலைக்குப் போகிறவர்கள் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்து இறங்குபவர்களை இன்றும் பார்க்கிறேன். என்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதியோடு பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாக இறுகும்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத காரில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் செத்துப்போயிருக்கும். மே மாத ஹைவேயில் வெடிப்பது இந்த மாதிரி டயர்தான். ஸ்டெப்னியையும் பாருங்கள், பல வண்டிகளில் அது காருடன் வந்த அதே டயர்.

இத்தனை கவலைக்கும் காரணம், அடிபட்டால் இந்தக் கார்கள் நம்மைக் காப்பாற்றாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019-ல்தான். அதற்கு முந்தைய சின்னக் கார்கள் பலவற்றில் உங்களிடம் இருப்பது சீட் பெல்ட் ஒன்றுதான். பின்சீட்டில் கவருக்கு அடியில் புதைந்துகிடக்கும் பெல்ட்டுகளைத் தோண்டி எடுத்து, பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

காகித விஷயம் சுருக்கமாக. 15 வருஷம் முடிந்தால் எஃப்சி பார்த்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். செலவுக்குப் பயந்து ஆர்சி காலாவதியான வண்டியை ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும். விற்றுவிட்டீர்களா? பெயர் மாறியதா என்று ஆர்டிஓ பதிவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

எல்லாம் பார்த்த பிறகும் வண்டி வழியில் நின்றுபோகலாம். அப்போது வெயிலுக்குப் பயந்து குழந்தைகளை உள்ளே உட்காரவைத்து மெக்கானிக்குக்குக் காத்திருக்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நின்ற வண்டி எது, ஓடும் வண்டி எது என்று தூரத்திலிருந்து தெரியாது. ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது பக்கக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம், வண்டியிலிருந்து தள்ளி நிற்கவையுங்கள். சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்யுங்கள். பானட்டைத் திறப்பது அதற்கப்புறம்.