தரைவீட்டுப் பூனை அடுக்குமாடிக்கு வரும்போது

செராஸில் தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் தரைவீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயரும் குடும்பத்தோடு, தெருவில் உலவிப் பழகிய பூனையும் நான்கு சுவருக்குள் வந்துவிடுகிறது. வளர்ப்புப் பிராணிக்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருவது, மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி உரிமையாளரின் கடமை.

பூனையை முதலில் ஒரே அறையில் வைத்துப் பழக்குவது நல்லது. கழிப்புத் தட்டின் மணலோடு சிறிது தோட்ட மண்ணைக் கலந்தால் அதற்கு இடம் விளங்கிவிடும். பிறகு மண்ணைக் குறைத்துக்கொண்டே வரலாம். விடியலிலும் அந்தியிலும் வேட்டை உணர்வு மிகும். அந்த நேரத்தில் விளையாட்டுக் காட்டினால் கதவைப் பிறாண்டுவது குறையும். பால்கனிக்கும் சன்னலுக்கும் வலை கட்டாயம்.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையை வெளியே விட்டுப் பழக்குவதற்கும் முன்னேற்பாடு தேவை. தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு விட்டால், கூப்பிட்டதும் திரும்ப வாய்ப்பு அதிகம்.

வெளியே விடுவதில் நோய் அபாயமும் உண்டு. மலேசியப் பூனைகளிடையே ஸ்போரோதிரிக்கோசிஸ் என்னும் பூஞ்சை நோய் உண்டு. சண்டையில் படும் கடி, நகக்கீறல் வழியே அது பரவுகிறது. மூக்கிலும் காதிலும் பாதங்களிலும் ஆறாத புண் தோன்றும். நோயுற்ற பூனை கீறினால் மனிதருக்கும் தொற்றலாம். மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய புண்ணைக் கண்டால் பூனையைத் தனியே அடைத்து, கையுறையோடு கையாண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாகன நெரிசல் மிகுந்த செராஸில், வீட்டுக்குள் வளரும் பூனைக்கே ஆபத்து குறைவு.