தோசையின் மேல் விழுந்த பழி

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். வீதியில் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதில் விழும். அந்தச் சத்தத்தையும் அமுக்கி, தெருவிலிருந்தவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்கச் செய்த பெருமை நம்முடைய பழைய அம்பாஸிடரைச் சேர்ந்தது. சேலை எடுப்பதற்காகக் குடும்ப சகிதம் புறப்பட்டிருந்தோம். சில நாளாகவே உறுமிக்கொண்டிருந்த வண்டி, திருத்தணியைத் தாண்டியதும் கர்ஜிக்கவே ஆரம்பித்துவிட்டது.

பின் ஆசனத்திலிருந்த குழந்தை தலையை வலிக்கிறது என்றது. பிறகு குமட்டுகிறது என்றது. காலையில் தின்ற தோசையின் மேல் பழியைப் போட்டோம்.

பட்டறைக்காரர் அப்படி நினைக்கவில்லை. "எஞ்சினை நிறுத்துங்க, ஐயா. முதல்லே குழந்தையைக் காத்தாட இறக்கி உட்கார வையுங்க" என்றார். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, "சைலன்ஸருக்கு முன்னாலே குழாய் ஓட்டை. மேலே தரைத் தகடும் துருப்பிடிச்சுப் போச்சு. புகை உள்ளே ஏறுது" என்றார்.

தோசை நிரபராதி! குற்றவாளி கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம், அந்தத் தூக்கத்திலிருந்து விழிக்காமலே போனவர்களும் உண்டு. 1995-ஆம் வருஷம் முதல் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்த விஷத்தைக் குறைக்கும் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. நம் வண்டி அதற்கு மூத்தது.

"அதிகம் ஓட்டுவதே இல்லையே, எப்படித் துருப்பிடித்தது?" என்று கேட்டோம். ஓட்டாததுதான் காரணமாம்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தூரப் பிரயாணத்தில் குழாய் நன்றாகச் சூடேறி ஆவி வெளியே போய்விடும். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டியிலோ அது சைலன்ஸருக்குள்ளேயே குளிர்ந்து தங்கி, உள்ளிருந்து அரித்துவிடுகிறது. கழற்றிய சைலன்ஸரைச் சாய்த்தபோது உழக்குத் துருவாவது கொட்டியிருக்கும்.

பற்றவைத்தால் போதாதா என்றோம். அவர் ஸ்குரூ டிரைவரால் குழாயை லேசாகக் குத்தினார். அது மறுபக்கம் வந்தது. அதற்கு மேல் நாம் வாய் திறக்கவில்லை.

குழாய் ஆறும்வரை அவர் அதைத் தொடவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனத்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே அடியில் நுழைந்தார். துருவேறிய நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டார். அவசரப்பட்டுத் திருகினால் எஞ்சின் பக்கத்துப் போல்ட் முறிந்து, இரண்டு மணி வேலை இரண்டு நாள் வேலையாகிவிடுமாம். புதுக் குழாய், சைலன்ஸர், காஸ்கெட் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்டி, எங்கும் இடிக்காமல் நிற்கிறதென்று பார்த்த பிறகே முடுக்கினார். முன்பு யாரோ கம்பியால் இறுகக் கட்டியிருந்ததை அறுத்தெறிந்து, ரப்பர் தாங்கிகளைப் போட்டார். எஞ்சின் ஆடும்போது குழாயும் கூட ஆட வேண்டும். இறுக்கினால் விரிசல் விடும். தரைத் தகட்டின் ஓட்டையையும் அடைத்தார்.

கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, பின்குழாயின் வாயை ஒரு கணம் கந்தைத் துணியால் பொத்திக்கொண்டு, இணைப்புகளில் 'உஸ்' என்ற ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். வரவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நம் காதில் விழுந்தது. சேலைக் கடையை மூடிவிட்டார்கள். திரும்பும் வழியில், திருத்தணியில் குழந்தை மறுபடியும் தோசை கேட்டது.