இரண்டு படிக்கட்டு, ஒரே ஃபைல்

திருச்சி பாலக்கரை ரவுண்டானாவைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கு முதலில் வருவது படிக்கட்டுச் சண்டை. மனை 20 அடி அகலம், 60 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். மாடியை வாடகைக்கு விடணும், படி வெளியே வாசலோரம் இருக்கணும் என்பார் அப்பா. மாடியில் மகன் குடும்பம்தானே இருக்கப்போகிறது, படி ஹாலுக்குள்ளேயே இருக்கட்டும் என்பார் அம்மா. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கும். இன்ஜினியர், “ரெண்டையும் போட்டுக் காட்டுறேன் சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அவர் ஆபீசில் முதல் பிளானைத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, இன்னொரு ஃபைல் உண்டாக்குவார். அதில் படியை நகர்த்துவார். இப்போது ஒரே வீடு இரண்டு ஃபைலில் இருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் போன் போட்டு, பின்பக்கக் குளியலறையை ஓர் அடி பெரிதாக்கச் சொல்வீர்கள். அதற்கும் படிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இரண்டு ஃபைலிலும் மாற்றியாக வேண்டும். வேலை நெருக்கடியில் ஒன்றில் மாறும், மற்றதில் விட்டுப்போகும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புது ஃபைனல்’ என்று வளரும் குடும்பத்தில் எது மேஸ்திரி கைக்குப் போகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

டீக்கடை பெஞ்சில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, பெல் (BHEL) ஆலையில் ரிட்டயரான அண்ணன் ஒருவர் மடக்கினார்: “ஏன் தம்பி, எங்க ஃபேக்டரியில டிராயிங் மாறினா ரிவிஷன் நம்பர் போட்டு வைப்போம். அது போதாதா?” சரியான கேள்வி. ரிவிஷன் என்பது ஒன்றன் பின் ஒன்றாக வருவது. புதியது வந்தால் பழையது செல்லாது. நம் படிக்கட்டு விஷயம் அப்படியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன, முடிவு வரும்வரை இரண்டும் செல்லும். அதற்கு ரிவிஷன் நம்பர் உதவாது, வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடுதான் ரெவிட் மென்பொருளில் ‘டிசைன் ஆப்ஷன்ஸ்’. ஃபைல் ஒன்றே ஒன்று. முடிவான பகுதியெல்லாம், அதாவது பக்கச் சுவர், சமையலறை, குளியலறை, பின்கட்டு எல்லாம் ‘மெயின் மாட’லில் இருக்கும். முடிவாகாத படிக்கட்டுக்கு மட்டும் ஓர் ‘ஆப்ஷன் செட்’. அதற்குள் வெளிப்படி ஓர் ஆப்ஷன், உள்படி ஓர் ஆப்ஷன். இவற்றில் ஒன்றை ‘பிரைமரி’ என்று குறித்துவிட்டால், எந்த வரைபடத்தைத் திறந்தாலும் முதலில் அதுதான் தெரியும். உள்படி வேண்டுமென்றால் ஃப்ளோர் பிளானை நகலெடுத்து, அந்த வியூவில் உள்படி ஆப்ஷனைக் காட்டச் சொன்னால் போதும். குளியலறையை ஓர் அடி பெரிதாக்கும் வேலை மெயின் மாடலில் ஒரே தடவை நடக்கும். இரண்டு பிளானிலும் தானாக மாறியிருக்கும்.

கேட்க எளிதுதான். கைவேலையில்தான் நுணுக்கம். வெளிப்படி வந்தால் வாசல் சுவரில் ஜன்னலின் இடம் மாறும். ஜன்னலை மட்டும் ஆப்ஷனுக்குள் போடலாமே என்று தோன்றும். ரெவிட் விடாது. ஜன்னல் சுவரைச் சார்ந்தது; ஜன்னல் ஆப்ஷனுக்குள் போகவேண்டுமென்றால் அந்தச் சுவரும் கூடவே போக வேண்டும். வாசல் சுவரை ஒரே நீளமாக வரைந்து வைத்திருந்தால் மொத்தச் சுவரும் ஆப்ஷனுக்குள் போய்விடும், அதிலுள்ள மற்ற ஜன்னல்களையும் இழுத்துக்கொண்டு. அதனால் அனுபவப்பட்ட டிராஃப்ட்ஸ்மேன், முடிவாகாத இடத்தில் சுவரைத் துண்டாக வெட்டி, அந்தத் துண்டை மட்டும் உள்ளே அனுப்புவார். மாடி ஸ்லாபும் அப்படித்தான். உள்படி என்றால் ஸ்லாபில் திறப்பு வேண்டும், வெளிப்படி என்றால் வேண்டாம். ஆகவே ஹாலுக்கு மேலுள்ள ஸ்லாப் பகுதியும் இரண்டு ஆப்ஷனிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். அளவுக்கோடுகளும் எழுத்துக்களும் ஆப்ஷனுக்குள் போகவே போகாது. அந்தந்த வியூவில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேலை செய்கிற பையன்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. திரையின் அடியில் இப்போது எந்த ஆப்ஷனுக்குள் இருக்கிறோம் என்று சின்னதாகக் காட்டும். அதைப் பார்க்காமல் உள்படி ஆப்ஷனுக்குள் இருந்துகொண்டே பூஜை அறைச் சுவரை வரைந்தால், வெளிப்படி பிளானில் பூஜை அறையே இருக்காது. ஆப்ஷனுக்குள் இருக்கும்போது மற்ற பகுதிகள் மங்கலாகத் தெரியும். அந்த மங்கல்தான் எச்சரிக்கை.

சண்டை படிக்கட்டோடு நிற்காது. சமையலறை அக்னி மூலையிலா, வசதியான மூலையிலா என்று ஒன்று கிளம்பும். பிறகு எலிவேஷன் மூன்று விதம். படி இரண்டு, சமையலறை இரண்டு, எலிவேஷன் மூன்று என்றால் 12 விதமான வீடு. சேவ் ஆஸ் வழியில் 12 ஃபைல். ஆப்ஷன் வழியில் மூன்று செட், மொத்தம் 7 துண்டுகள். எதனோடு எதை வேண்டுமானாலும் சேர்த்துப் பார்க்கலாம், ஒன்றையொன்று தொடாதவரை. உள்படியின் சுவரே சமையலறைக்கும் சுவர் என்றால் இரண்டையும் ஒரே செட்டில் வைப்பதுதான் புத்தி.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1818-இல் இறந்த ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர், பண்ணை முதலாளிகளுக்கு ‘ரெட் புக்’ என்று சிவப்பு அட்டைப் புத்தகம் தயாரித்துக் கொடுப்பார். அதில் இப்போதிருக்கும் தோட்டத்தின் வண்ணப் படம் இருக்கும். அதன் ஒரு பகுதியை மூடிய தாள் மடலைத் தூக்கினால், அவர் போடப்போகும் தோட்டம் தெரியும். மாறாத இடம் கீழே, மாறும் இடம் மட்டும் மடலில். நம்மூரில் கையால் வரைந்த காலத்து டிராஃப்ட்ஸ்மேன்களும் பிளான் மேல் ட்ரேசிங் தாளைப் போட்டு மாற்றுப் படியை அதில் வரைந்தார்கள். ஆட்டோகேடில் வேலை செய்கிறவர்கள் இதையே லேயரை அணைத்தும் போட்டும் சமாளிக்கிறார்கள். ஆர்க்கிகேட் 2023-இல் வந்த 27-ஆம் பதிப்பில்தான் இதற்கென்று தனி வசதி கொடுத்தது. அதுவரை அதில் வேலை செய்தவர்களுக்கும் லேயர்தான் கதி.

வீட்டுக்காரருக்கு இதில் என்ன லாபம்? கணக்கு. 10 அடி உயரம் ஏற 7 அங்குலப் படி என்றால் 17 ஏற்றம் வரும். நடுவில் லேண்டிங் வைத்துத் திருப்பினால் சுமார் ஆறரை அடிக்குப் பத்தடி இடம் போகும். சுவர் போக உள்ளே 18 அடி சொச்சம்தான் அகலம். அதில் மூன்றில் ஒரு பங்கைப் படி விழுங்கும். வெளியே வைத்தால் ஹால் பிழைக்கும், வண்டி நிறுத்தும் இடம் போய்விடும். படத்தில் இரண்டும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ரெவிட்டில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனித்தனி ஷெட்யூல் எடுக்கலாம்: சுவர் எத்தனை சதுர அடி, ஸ்லாப் கான்கிரீட் எவ்வளவு, கதவு ஜன்னல் எத்தனை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் அப்பா அம்மா சண்டை பாதி அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. ஒரு மாடியா இரண்டு மாடியா என்ற கேள்விக்குத் தனி ஃபைல் போடுவதே மேல். தளமட்டங்களை ஆப்ஷனுக்குள் வைக்க முடியாது, கட்டடமே வேறாகிறது. முடிவெடுத்த பிறகும் ஆப்ஷன்களை அப்படியே விட்டுவைப்பதும் தவறு. ‘அக்செப்ட் பிரைமரி’ கொடுத்தால் தேர்ந்தெடுத்தது மெயின் மாடலில் சேரும், மற்றது அழியும். அழிக்க மனம் வராமல் வைத்திருக்கும் ஃபைல்தான் ஆறு மாதம் கழித்து மேஸ்திரியைக் குழப்பும்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நம் 20-க்கு 60 மனை 1,200 சதுர அடிதான். ஆனால் அங்கே ஏற்றுவது ஒரே பிளான். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே இன்ஜினியரிடம் உட்கார்ந்து, ஒரே ஃபைலிலிருந்து இரண்டு படிக்கும் பிளானும் ஷெட்யூலும் கேட்டு வாங்குங்கள். எது என்று எழுத்தில் சொல்லுங்கள். அக்செப்ட் கொடுக்கும் முன் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, தேதி போட்டுத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.