புகையில்லாத் தணலும் நஞ்சே: மலைவாழ் குடும்பங்களுக்கு ஒரு குளிர்கால எச்சரிக்கை

உதகையிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவது வழக்கம். அக்காலத்தில் ஓரறை வீடுகளிலும் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலும் வாழ்வோர் பலர், சமையலுக்கும் வெந்நீருக்கும் குளிர்காயவும் விறகையே நம்பியுள்ளனர். அதைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை மட்டுமே இங்கு விளக்குகிறோம்.

தணலின் ஆபத்து

புகை அடங்கிய தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கையறையில் கணப்பாக வைத்துக் கதவு, சன்னல்களை அடைத்து உறங்குவது மிகவும் ஆபத்தானது. புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு தொடர்ந்து வெளியேறுகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலிமையுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்க நேரிடலாம்.

அறிகுறிகளும் முதலுதவியும்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம் ஆகியவை முதல் அறிகுறிகள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி தோன்றி, வெளியே வந்ததும் குறைந்தால், இவ்வாயுவையே ஐயுற வேண்டும். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உடனே கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நச்சுவாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ஆகவே விரைந்து வருவது அவசியம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• விறகு பாய்லரைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். வெளியே கூரையின் கீழ் வைத்து, வெந்நீரை உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.

• அடுப்புக்குக் கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி தேவை. ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் அதிலுள்ள கரியை அகற்றுங்கள்.

• நன்கு உலர்ந்த விறகையே எரியுங்கள். ஈரவிறகு மிகுந்த புகை தரும். நெகிழிப் பைகளை எரிக்கவே கூடாது.

• அடுப்பு எரியும்போது சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். உறங்குமுன் தணலை வெளியே கொண்டுசென்று நீரூற்றி அணையுங்கள்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதயநோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளும் அடுப்பின் அருகே உறங்கக் கூடாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் நெருப்பருகே காலை நீட்டிக் குளிர்காய வேண்டாம். சுடுவது தெரியாமலே புண் உண்டாகும். வெந்நீரின் சூட்டையும் அவர்களுக்காக மற்றொருவர் பார்த்துத் தரட்டும். வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் இருக்கும் அறையில் நெருப்பே கூடாது.

உறங்கும் நேரத்தில் வெப்பம் தர கம்பளியும் காலுறையும் போதும். தணல் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.