மீன் குஞ்சு வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

உழவு மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், பத்தடி நடக்க விட்டுப் பார்க்கிறார். ஆடு வாங்கினாலும் முதுகெலும்பைத் தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறார். ஆனால் குட்டையில் விட மீன் குஞ்சு வாங்கும்போது மட்டும், எத்தனை குஞ்சு, என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக் கொள்கிறார். பையில் ஏதோ துள்ளுகிறது என்ற திருப்தியோடு திரும்பி விடுகிறார். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

திருத்தணி வட்டார விவசாயிகளுக்கு இந்தக் கவனம் மிகவும் தேவை. இங்குள்ள ஏரிகளும் குட்டைகளும் பெரும்பாலும் மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் நீர் சித்திரை, வைகாசி வெயிலில் வற்றி விடும். கோடையில் தமிழகத்தில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. ஆகவே மீன் வளர்க்கக் கிடைப்பது ஆறேழு மாதமே. முதலில் விட்ட குஞ்சு செத்தால், மறுபடி வாங்கி விட்டு வளர்க்கக் காலம் இராது.

செத்த குஞ்சுகள் எல்லாம் மேலே மிதந்து கணக்குக் காட்டுவதும் இல்லை. பல, அடியில் தங்கி அழுகி விடும். சிலவற்றைக் கொக்கு கொத்திப் போகும். ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்ற பொதுவான கணக்குப்படி, 10 சென்ட் குட்டையில் 400 குஞ்சு விடலாம். அவற்றில் 250 செத்துப் போனதாக வைத்துக் கொள்வோம். விவரம் தெரியாத விவசாயி, மிஞ்சிய 150 மீனுக்கு 400 மீனுக்கான தவிடும் புண்ணாக்கும் போட்டுக் கொண்டே இருப்பார். தின்னாத தீவனம் தண்ணீரையும் கெடுக்கும். உண்மை வலை இழுக்கும் நாளில்தான் தெரியும்.

தண்ணீரில் பார்ப்பது

குஞ்சுகள் இருக்கும் தொட்டியை முதலில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். நல்ல குஞ்சுகள் கூட்டமாக நீந்தும். கையின் நிழல் விழுந்ததும் சட்டென்று ஆழத்துக்குப் பாயும். நலிந்தவை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து காற்றை விழுங்கும். அல்லது தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்கும்.

அடுத்தது சுழல் சோதனை. ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீரோடு இருபது முப்பது குஞ்சுகளை விட்டு, கையால் தண்ணீரை வட்டமாகச் சுழற்றி விட வேண்டும். வலுவுள்ள குஞ்சுகள் சுழலை எதிர்த்து நீந்தும். வலுவற்றவை தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்டு நடுவில் வந்து சேரும். நடுவில் சேர்பவை அதிகமானால் அந்தத் தொட்டிக் குஞ்சு வேண்டாம். செலவில்லாத இந்தச் சோதனையை விற்பவர் எதிரிலேயே செய்யலாம்.

கையில் எடுத்துப் பார்ப்பது

ஈரக் கையால் நாலைந்து குஞ்சுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். தலைப் பக்கம் பிடித்துத் தூக்கினால், நல்ல குஞ்சின் வால் விசிறி போல் விரிந்து நிற்கும். நலிந்ததன் வால் துவண்டு தொங்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தால், நல்ல குஞ்சின் விழி வயிற்றுப் பக்கமாகத் திரும்பும். சாகும் நிலையில் உள்ளதன் விழி அசையாது.

செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பழுப்பாகவோ இருந்தால் நோய் என்று சந்தேகிக்கலாம். தலை பெருத்து உடம்பு ஒட்டியிருந்தால் பட்டினி கிடந்த குஞ்சு. செதில் உதிர்ந்தும் துடுப்பு கிழிந்தும் இருந்தால், முரட்டுத்தனமாக வலை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

உடம்பில் பச்சரிசி போல் ஒட்டியிருப்பது மீன் பேனாக இருக்கலாம். நூல் போல் தொங்குவது நங்கூரப் புழு. சிவந்த திட்டு, புண் உள்ள குஞ்சுகளைத் தொடவே கூடாது. 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றி, பிறகு பிற மாநிலங்களுக்கும் பரவிய புண் நோய் இப்படித்தான் சிவந்த திட்டாகத் தொடங்கும்.

இனம் சரிதானா?

ஒரு காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை ஆறுகளில் பிடித்துத்தான் விற்றார்கள்; வேண்டாத மீன்களும் கலந்து வரும். 1957-இல் கட்டாக்கில் ஹிராலால் சவுத்ரி ஊக்க ஊசி மூலம் கெண்டை மீன்களைச் சினைவிடச் செய்து காட்டினார். அதன் பிறகே இனம் பிரித்த குஞ்சு உற்பத்தி பெருகியது. ஆயினும் கலப்பு இன்றும் உண்டு. கட்லாவின் தலை பெரியது. வாய் மேல்நோக்கி இருக்கும். ரோகுவின் கீழ் உதடு சுருக்கம் வைத்தது போல் தெரியும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், உடம்பு நீண்டது. செதிலே இல்லாமல் எட்டு மீசைகளோடு ஒன்று இருந்தால் அது கெளுத்தி இனம். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியாகவும் அது இருக்கலாம். அது மற்றக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும்.

பையில் அடைக்குமுன்

முந்தின நாள் தீவனம் நிறுத்திக் குஞ்சுகளின் வயிற்றைக் காலி செய்தார்களா என்று கேட்க வேண்டும். வயிறு நிரம்பிய குஞ்சு வழியிலேயே கழிந்து தண்ணீரைக் கெடுத்து விடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும், மீதி ஆக்சிஜனும் இருக்க வேண்டும். குஞ்சு ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வந்தாலும் சரி, பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும் சரி, வெயில் ஏறுமுன் குட்டைக்குக் கொண்டு வந்து விட வேண்டும். நமது குறுகிய பருவத்துக்கு விரல் நீளக் குஞ்சே ஏற்றது. விலை சற்றுக் கூடுதலானாலும் சேதம் குறைவு.

குட்டையில் விடும்போது

பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் குட்டை நீரில் மிதக்க விட வேண்டும். பிறகு வாயை அவிழ்த்து, குட்டை நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். குஞ்சுகள் தாமாகவே வெளியேறட்டும். கவிழ்த்துக் கொட்டக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை. கொசுவலைத் துணியைத் தொட்டில் போல் தைத்துக் குட்டைக்குள் நான்கு கம்புகளில் கட்டி, அதில் 100 குஞ்சுகளை இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். அதில் எத்தனை சாகிறதோ, குட்டையிலும் ஏறத்தாழ அதே விகிதம் செத்திருக்கும். 100-இல் 20 செத்தால், 400 குஞ்சு விட்ட குட்டையில் 320-க்கு மட்டும் தீவனம் போட்டால் போதும். குறையும் குஞ்சுகளைத் தண்ணீர் இருக்கும்போதே வாங்கி விடலாம். பாதிக்கு மேல் செத்தால் விற்றவரிடம் உடனே தெரிவித்து, மீன்வளத் துறை அலுவலகத்திலும் காரணம் கேட்டறிய வேண்டும்.

மாட்டுக்குப் பல் பார்ப்பது போல மீன் குஞ்சுக்கும் செவுள் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அதற்காகத் தொட்டியடியில் செலவிடும் அரை மணி நேரம், ஆறு மாதத் தீவனத்தையும் உழைப்பையும் காப்பாற்றும்.