மலையேறும் வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்தவன் அதன் வேகத்தைப் பற்றியோ அழகைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வண்டிக்கு அவ்விரண்டும் இல்லை. தகரப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டியது போன்ற தோற்றம். உள்ளே அமர்ந்து ஒரு காதம் போனால் முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆயினும் பாலைவனத்திலும் பனிமலையிலும், பாதையே இல்லாத காட்டிலும், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் இதனை நம்பி ஏறி அமர்ந்திருக்கின்றனர். லாண்ட் ரோவர் என்பது அதன் பெயர்.

இவ்வண்டி பிறந்த கதை விந்தையானது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியார் இரண்டாம் உலகப் போருக்கு முன் வசதியுள்ளோர் ஏறும் நாகரிகமான கார்களைச் செய்துவந்தனர். போர்க்காலக் குண்டுவீச்சில் கோவென்ட்ரி நகரிலிருந்த அவர்களுடைய தொழிற்சாலை சேதமுற்றது. போர் முடிந்ததும், விமான எஞ்சின்கள் செய்வதற்கென அரசாங்கம் எழுப்பியிருந்த சோலிஹல் தொழிற்சாலைக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். இடம் பெரியது, ஆனால் செய்வதற்கு எஃகு இல்லை. அக்காலத்தில் எஃகு பங்கீட்டுப் பொருள். யார் வெளிநாட்டுக்கு மிகுதியாகச் சரக்கு அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டுகின்றாரோ அவருக்கே எஃகு என்பது அரசாங்கத்தின் விதி. ரோவர் கார்களோ பெரும்பாலும் உள்நாட்டிலேயே விலைபோனவை.

கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர். வேல்ஸ் நாட்டையொட்டிய ஆங்கிள்சீ என்னும் தீவில் அவருக்குப் பண்ணை ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த ஒரு வில்லிஸ் ஜீப்பை அவர் அங்கே வைத்திருந்தார். உழுவதற்கும் மரம் இழுப்பதற்கும் அதுவே. அது தேய்ந்துபோனால் மாற்று எது என்று எண்ணியபோதுதான், நாமே ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1947ஆம் ஆண்டில் ஆங்கிள்சீயின் ரெட் வார்ஃப் கடற்கரை மணலில், தம் தமையனாரும் கம்பெனியின் நிர்வாக இயக்குநருமான ஸ்பென்சர் வில்க்ஸுக்கு அவர் ஒரு வண்டியின் உருவத்தைக் கோடிட்டுக் காட்டினார் என்று சொல்லுவார்கள். அலை அந்தப் படத்தை அழித்திருக்கும், வண்டி நின்றுவிட்டது.

எஃகுத் தகடு இல்லை என்றேன். ஆகவே உடற்பகுதியை அலுமினியமும் மக்னீசியமும் கலந்த உலோகத் தகட்டால் செய்தனர். தகட்டை வளைத்து வார்க்கும் பெரிய அச்சுகளுக்குச் செலவிடப் பணமும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே தட்டையான தகடுகளையே பொருத்தினர். அடிச்சட்டத்துக்கு எஃகு வேண்டுமே! நான்கு எஃகுப் பட்டைகளைச் சேர்த்துப் பற்றவைத்துப் பெட்டிபோன்ற சட்டமாக்கினர். முதல் மாதிரி வண்டியில் ஓட்டுநரை நடுவில் அமர்த்திப் பார்த்தார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டி போதும் என்ற சிக்கனம் அது! நல்லவேளையாக அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. விலை 450 பவுன். நிலைமை சீர்ப்படும் வரையில் இரண்டு மூன்று ஆண்டுகள் தொழிற்சாலையை நடத்த ஒரு தற்காலிக ஏற்பாடு என்றே அவர்கள் இதனைக் கருதினர்.

இனி இதன் உள்ளமைப்பைச் சற்று விளக்கவேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு இது தேவை. மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும் அல்லவா? இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் ஒன்று தேய்த்துக்கொண்டு வரும். இதற்காகவே அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உண்டு. இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடங்கொடுக்கிறது. ஆனால் இந்த நற்குணத்திலேயே ஒரு தீமையும் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், எதிர்ப்பு இல்லாத அந்தப் பக்கமே வீணாகச் சுழலும். நல்ல தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. மழைக்காலத்தில் நம் சாலையோரத்தில் சேற்றை வாரியிறைத்தபடி நிற்கும் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாண்ட் ரோவரில் முன் அச்சுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வழி உண்டு. பின்சக்கரம் தோற்றால் முன்சக்கரம் இழுக்கும்.

பழைய லாண்ட் ரோவரில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு கம்பிகள் இருக்கும். ஒன்றின் தலை மஞ்சள், மற்றதன் தலை சிவப்பு. மஞ்சளை அழுத்தினால் முன்னச்சும் சேர்ந்துகொள்ளும். சிவப்பை இழுத்தால் கியர் எல்லாம் தாழ்நிலைக்குப் போகும். வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். இழுக்கும் விசை அந்த அளவுக்குப் பெருகும். காய்ந்த தார்ச்சாலையில் மஞ்சளை அழுத்தியபடி ஓட்டலாகாது. முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும்.

கைப்பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். மற்ற வண்டிகளில் அது பின்சக்கரங்களையே பிடிக்கும். இந்தப் பழைய வண்டியிலோ, கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து தரை வழியே சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்கள். மேற்காசியா, பாகிஸ்தான், இந்தியா கடந்து, அசாமிலிருந்து போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட காட்டுச் சாலை வழியாகப் பர்மாவுக்குள் புகுந்து, 1956 மார்ச்சு மாதம் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெஸர் அப்பயணத்தை நூலாக எழுதினார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிற்பகுதி. ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரிட்ட அந்த வண்டி பல கைகள் மாறிக் கடலிடைத் தீவொன்றில் கிடந்து, மீட்டுப் பழுது பார்க்கப்பெற்று, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் தரை வழியே திரும்பி ஓடியது. ஸ்லெஸரின் பேரன் அப்பயணத்தில் இருந்தார்.

நம் நாட்டிலும் டார்ஜிலிங் மலைப்பகுதியில், மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்புவுக்குச் செல்லும் கரடுமுரடான கல் பாதையில், 1950களில் செய்த லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கின. ஆனால் நான் இவ்வண்டியை அறிந்தது மலேசியாவில். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929 முதல் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் பலர் அங்கே தொழிலாளராகச் சென்றனர். அவர்களுள் சிலரின் பிள்ளைகள் பின்னர்க் காய்கறி பயிரிடத் தொடங்கினார்கள். இராணுவமும் அரசாங்க இலாகாக்களும் கழித்து ஏலம் விட்ட லாண்ட் ரோவர்களை வாங்கி, கூரையை வெட்டியெறிந்துவிட்டு, கோஸும் தக்காளியும் ஏற்றினார்கள். இன்றும் அம்மலையில் இவ்வண்டிகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

என் அத்தையின் மகன் அப்படி ஒரு வண்டிக்கு உடையவர். 1972இல் செய்த வண்டி, ஏலத்தில் எடுத்தது. 1996ஆம் ஆண்டில் நான் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, பிரிஞ்சாங்குக்கு அப்பால் ஒரு சரிவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தோம். தூறல். வலப்பக்கம் பள்ளம். எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஏற்றத்தில் நின்று, மீண்டும் கிளப்பினார். கீழே எங்கோ 'டங்' என்று ஓர் ஓசை. எஞ்சின் இரைந்தது, வண்டி முன்னே போகவில்லை. மெல்லப் பின்னே நகர்ந்தது.

கால்பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலைச் சற்றே தளர்த்தினார். வண்டி மறுபடியும் பின்வாங்கியது. என் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அத்தான், கைப்பிரேக்கு பிடிக்கவில்லையே!" என்றேன்.

"பிடிக்காது தம்பி. பின்னச்சுத் தண்டு ஒடிந்துவிட்டது" என்றவர், பதறாமல் மஞ்சள் குமிழை ஓங்கி அழுத்தினார். வண்டி ஒரு சாண் நகர்ந்து, 'கடக்' என்று நின்றது. "இறங்கி ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடு. ஓடாதே, வழுக்கும்" என்றார்.

நடந்தது இதுதான். பின்னச்சின் பாதித் தண்டு ஒன்று முறிந்தது. டிஃபரென்ஷியல் தன் குணப்படி முறிந்த பக்கத்தையே வீணாகச் சுழற்றியது. ஆகவே பின்சக்கரங்களுக்கு விசையும் இல்லை, கைப்பிரேக்கின் பிடியும் இல்லை. மஞ்சள் குமிழை அழுத்தியதும் முன்னச்சும் அதே தண்டோடு சேர்ந்துகொண்டது. கைப்பிரேக்கு இப்போது முன்சக்கரங்களின் வழியே வண்டியைப் பிடித்தது. இதையெல்லாம் நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அவருக்கு எண்ணிப் பார்க்க நேரமே தேவைப்படவில்லை.

கூடைகளை இறக்கி வழியோரம் அடுக்கினோம். வெற்று வண்டியை முன்சக்கரங்களே மெல்ல இழுத்து வீடு சேர்த்தன. "இரண்டு கூடை அதிகம் ஏற்றினது நான். தண்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கினது. வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை" என்று வழியெல்லாம் தம்மையே நொந்துகொண்டார்.

அன்று மாலை வீட்டு வாயிலிலேயே பழுது பார்த்தார். சக்கரத்தின் குடத்திலிருந்து சில போல்ட்டுகளைக் கழற்றினார். வண்டியைத் தூக்கி நிறுத்தவும் இல்லை, சக்கரத்தைக் கழற்றவும் இல்லை. தண்டின் வெளிப்பாதி கையோடு வந்துவிட்டது. உள்ளே தங்கிவிட்ட துண்டை எடுக்க ஒரு கம்பின் நுனியில் காந்தத்தைக் கட்டி விட்டார். அக்காந்தம் ஒரு பழைய ரேடியோப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து பெயர்த்தது. வானொலி நிலையத்தார் பொறுத்தருள வேண்டும். இருக்கைக்கு அடியில் மாற்றுத் தண்டு ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்தது. சோறு ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

இவ்வண்டி உடையாதது என்று விளம்பரங்களில் படிக்கிறோம். அது சரியன்று என்பது என் கருத்து. இது நன்றாகவே உடையும். உடைகிற இடம் உடையவனின் கைக்கு எட்டும் இடமாக இருக்கிறது. அவன் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியதாகவும் இருக்கிறது. எஃகும் பணமும் இல்லாத காலத்தில் எளிமையாகச் செய்ய நேர்ந்ததன் பயன் இது. மெக்கானிக் இல்லாத ஊரில் அந்த எளிமைக்குத்தான் விலை.

அதற்கு ஒரு நோயும் உண்டு. அலுமினியம் துருப்பிடிக்காதென்று மகிழ்ந்தோம். ஆனால் அது எஃகைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்கலத்தில் நிகழ்வது போன்ற மாறுதல் நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். பெட்டிபோன்ற அடிச்சட்டத்திலோ சேறும் நீரும் உள்ளே புகுந்து தங்கி, வெளியில் தெரியாமலே உள்ளிருந்து அரிக்கும். அத்தான் ஆண்டுக்கொரு முறை படுத்துக்கொண்டு அடிச்சட்டம் முழுவதையும் சுத்தியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் நலம். பொத்தென்று ஒலித்தால் அந்த இடத்தை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். தேங்காய் தட்டிப் பார்க்கும் வித்தைதான்.

கம்பெனி பல கைகள் மாறி, 2008இல் டாட்டா மோட்டார்ஸிடம் வந்தது. பிற்காலத்தில் டிஃபெண்டர் என்று பெயர் பெற்ற அந்தப் பழைய வகை, 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் தொழிற்சாலையில் கடைசியாகச் செய்யப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென்று தொடங்கிய ஏற்பாடு அறுபத்தெட்டு ஆண்டுகள் ஓடி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தந்துவிட்டது. அதே பெயரில் 2019இல் வெளிவந்த புதிய வண்டிக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. சக்கரத்துக்குச் சக்கரம் விசையைக் கணிப்பொறி பங்கிடுகிறது. மேடு பள்ளத்தில் அது பழையதைவிடத் திறமாகவும் சுகமாகவும் செல்லும். இதை மறுப்பது வீண் பிடிவாதம். அத்தானிடம் அதன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இதன் மஞ்சள் குமிழ் எங்கே?" என்று கேட்டார்.

அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. தோட்டத்தை மகன் பார்க்கிறான். கோஸ் கூடைகள் புதிய வண்டியில் போகின்றன. பழையது கொட்டகையில் நிற்கிறது; மழை வலுத்துப் புது வண்டி வழியில் புதைந்தால் அதை இழுத்துவர இது போகும். 1996இல் ஒடிந்த தண்டின் வெளிப்பாதியை அவர் எறியவில்லை. வாசலில் அறைந்து வைத்திருக்கிறார். ஆடு கட்டும் முளை அதுதான்.