ஊர் பேர் தெரியாத ரேடியோக்கள்

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தின் அடியில் ஆசிரியர், அச்சிடுவோர், பிரசுரிப்போர் ஆகியோரின் பெயரும், அச்சுக்கூடத்தின் விலாசமும் பொடி எழுத்தில் காணப்படும். அதைப் படிக்கிறவர்கள் மிகச் சிலரே. ஆயினும், பத்திரிகையிலுள்ள வரிகள் அனைத்திலும் அதுவே முதன்மையானது என்றால் மிகையாகாது. எழுதியிருப்பதற்கு யார் ஜவாப்தாரி, அவரை எங்கே கண்டு கேட்பது என்ற இரு கேள்விகளுக்கும் அந்த ஒரு வரி விடையளிக்கிறது. 1867-ம் வருஷத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிற்று. 2023-ல் புதிய சட்டம் பிறந்து பழையதை அகற்றிய பின்னரும் பத்திரிகைகள் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

கையெழுத்தில்லாத கடிதத்தை நாம் மொட்டைக் கடிதம் என்கிறோம். அத்தகைய கடிதத்தை நம்பி எவரும் நிலத்தை விற்பதில்லை; பெண்ணைக் கொடுப்பதுமில்லை. ஆனால் அதே மனிதர்கள், எங்கிருந்து வருகிறது, யார் பேசுகிறார் என்று தெரியாத ஒரு குரலை மணிக்கணக்காகக் காதில் வாங்கிக்கொள்ளத் தயங்குவதில்லை. இன்டர்நெட் மூலம் ஒலிக்கும் ரேடியோக்களில் ஊர் பேர் தெரியாதவை ஏராளம். அவற்றைத் தேடிக் கண்டெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். விளையாட்டாகத் தோன்றும் இவ்விஷயத்தில் பிரஜைகள் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய அம்சங்கள் சில உண்டு.

முதலில் இவை எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம். 1993-ல் அமெரிக்காவில் கார்ல் மலமுட் என்பவர் இன்டர்நெட்டில் பேச்சு நிகழ்ச்சிகளை வெளியிடத் தொடங்கினார். 1994 நவம்பர் 7-ந் தேதி வட கரோலினாவிலுள்ள சேப்பல் ஹில் சர்வகலாசாலையின் மாணவர் ரேடியோவான டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. தன் ஒலிபரப்பை இன்டர்நெட்டிலும் அஞ்சல் செய்தது. 1990-களின் முடிவில் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் என்ற மென்பொருள்கள் வந்தன. அதன் பின், ரேடியோ ஸ்டேஷன் அமைக்கக் கோபுரமும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம், பெரும் முதலும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் இருந்தால் போதும். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஒலிபரப்பினால், கேட்பவர் ஒருவருக்குச் செலவாவது சுமார் 29 மெகாபைட்தான்.

இந்த ரேடியோக்களின் அமைப்பிலேயே மறைவுக்கு இடமிருக்கிறது. இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு யந்திரத்துக்கும் எண்களாலான ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தில் அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட கதவுகள் உண்டு. ரேடியோக்கள் பெரும்பாலும் 8000 என்ற எண்ணுள்ள கதவைத் திறந்து வைத்திருக்கும். விலாசமும் கதவின் எண்ணும் தெரிந்தவர் எவரும் உள்ளே கேட்கலாம். ஸ்டேஷனின் பெயர், நிகழ்ச்சியின் வகை முதலியவற்றைக் குறிக்கக் காலியிடங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்புகிறவர் ஸ்டேஷனை நடத்துபவரே, சரிபார்ப்பவர் எவருமில்லை. ஐஸ்காஸ்டின் மாதிரிப் படிவத்தில் இருப்பிடம் என்ற இடத்தில் "பூமி" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சோம்பற்படுகிறவரின் ஸ்டேஷன், தன் ஊர் பூமி என்றே உலகுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். பொய்யென்று சொல்ல முடியாத விடைதான். ஆனால் யாருக்கும் பயன்படாத விடை.

இப்படிப் பெயரின்றி ஒலிப்பவை யாவும் சூழ்ச்சியால் பிறந்தவை என்று கருதலாகாது. சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோனவை சில. ஒரே பாட்டு வரிசையை இரவும் பகலும் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருக்கும் யந்திரங்கள் சில. பாட்டுக்களுக்கு உரிமைத் தொகை செலுத்தாதவர்கள் பெயர் கூற அஞ்சுவதும் உண்டு. தமது சிறு கூட்டத்தாருக்காக மட்டும் பிரார்த்தனையோ பிரசங்கமோ ஒலிபரப்புகிறவர்கள், அந்நியர் கேட்பார் என்று எண்ணாமலே இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே மறைவு வேறு, வஞ்சகம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே முதல் பிழை.

தேடுகிறவர்களுக்கு உதவியாகச் சில ஜாபிதாக்கள் இருக்கின்றன. ரேடியோ பிரௌசர் என்பது பொதுமக்களே சேர்ந்து தொகுத்து வரும் ஜாபிதா. 2016-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளிவந்த ரேடியோ கார்டன், பூகோள உருண்டையின் மேல் பச்சைப் புள்ளிகளாக ஸ்டேஷன்களைக் காட்டுகிறது. புள்ளியைத் தொட்டால் அவ்வூர் ரேடியோ பேசும். ஆனால் ஊர் தெரியாததை எந்தப் புள்ளியில் வைப்பது? விலாச எண்ணைக் கொண்டு விசாரித்தால், அவ்வெண் எந்தக் கம்பெனிக்கு வழங்கப்பட்டது என்பது தெரியும். உலகை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு ஸ்தாபனம் அவ்வெண்களை வழங்குகிறது. நமது ஆசியப் பிராந்தியத்தின் ஸ்தாபனம் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலிருக்கிறது. எனினும் இவ்விசாரணையில் அகப்படுவது வீட்டுக்காரனே அன்றி, குடியிருப்பவன் அல்லன். பிராங்க்பர்ட்டில் வாடகைக்கு எடுத்த யந்திரத்தின் வழியே, வேறொரு கண்டத்திலிருப்பவர் பேசலாம்.

எனவே அனுபவமுள்ள தேடுநர் யந்திரத்தை விட்டுக் காதை நம்புகிறார். விளம்பரத்தில் எந்த ஊர்க் கடை வருகிறது, வானிலை அறிக்கையில் எந்த நதியின் பெயர் வருகிறது, மணி சொல்லும்போது எந்த தேசத்து நேரம் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற ஸ்டேஷன் மணிக்கொரு முறை தன் அடையாள எழுத்துக்களையும் ஊரையும் கூறவேண்டும் என்பது விதி. மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே பெரும்பாலும் "டபிள்யூ" என்றும், மேற்கே "கே" என்றும் அவ்வெழுத்துக்கள் தொடங்கும். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டால் பாதி மர்மங்கள் விலகிவிடும்.

இன்டர்நெட் இன்னொரு வாசலையும் திறந்திருக்கிறது. நெதர்லாந்தில் என்ஸ்கெட நகரிலுள்ள ட்வென்டெ சர்வகலாசாலையில் 2008 முதல் ஒரு ரேடியோ பெட்டி பொதுமக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது. உலகின் எம்மூலையிலிருப்பவரும் தம் கம்ப்யூட்டர் மூலம் அப்பெட்டியின் திருகைத் திருப்பிச் சிற்றலைகளைக் கேட்கலாம். இப்படிக் கேட்டவர்களை வியப்பிலாழ்த்தியவற்றுள் ஒன்று 4625 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் ருஷ்ய ஸ்டேஷன். யூ.வி.பி.-76 என்ற பெயரால் அறியப்பட்ட அது, நிமிஷத்துக்குச் சுமார் 25 முறை ரீங்காரமிடுகிறது. சுமார் 1980-லிருந்து இவ்வாறு ஒலித்து வரும் அதில், எப்போதாவது ரீங்காரம் நின்று, ஒருவர் ருஷ்ய பாஷையில் சில பெயர்களையும் எண்களையும் வாசிப்பார். ராணுவச் செய்திக்கான வழி என்பது கவனித்து வருபவர்களின் முடிவு.

இத்தகைய ஸ்டேஷன்களின் இருப்பிடத்தைச் சாதாரண ஜனங்களே கணித்துவிடும் நிலை இப்போது வந்திருக்கிறது. ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். விநாடியில் ஆயிரத்திலொரு பாகத்தில் 300 கிலோமீட்டர். வெவ்வேறு ஊர்களிலுள்ள மூன்று பெட்டிகளுக்கு ஒரே ஒலி எவ்வளவு முன் பின்னாக வந்து சேர்ந்தது என்பதைச் செயற்கைக் கோள்களின் கடிகாரத்தைக் கொண்டு அளந்தால், அது புறப்பட்ட இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கிவி என்ற பெயருள்ள பெட்டிகள் இவ்வேலையை இன்டர்நெட்டிலேயே செய்துகாட்டுகின்றன. அதற்கு வெகு காலம் முன்பே, 1970-களிலிருந்து 2008 வரை ஓர் ஆங்கில நாட்டுப்பாட்டின் மெட்டை வாசித்துவிட்டு ஐந்தைந்தாக எண்களைப் படித்துவந்த ஸ்டேஷன், ஸைப்ரஸ் தீவிலிருந்த பிரிட்டிஷ் தளத்திலிருந்து வந்ததென்று ரேடியோ ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள்.

எண்களைப் படிக்கும் ஸ்டேஷன்கள் வெறும் கட்டுக்கதையல்ல என்பதை நீதிமன்ற வழக்குகளே காட்டியிருக்கின்றன. அமெரிக்க ராணுவ உளவு இலாகாவில் பணிபுரிந்த அனா பெலன் மான்டெஸ் என்ற மாது கியூபாவுக்காக வேவு பார்த்த குற்றத்துக்காக 2001 செப்டம்பரில் கைதானாள். மறு வருஷம் 25 வருஷச் சிறைத்தண்டனை பெற்றாள். அவளுக்குக் கட்டளைகள் வந்த வழி சிற்றலை ரேடியோவில் வாசிக்கப்பட்ட எண்களே. ஒலியை உலகமே கேட்கலாம். பொருள் ஒருத்திக்கு மட்டுமே புரியும். யார் கேட்கிறார் என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதே இம்முறையின் பலம்.

இவை பெயரை மறைத்தவை. பொய்ப் பெயர் சொன்னவை இவற்றைவிடப் பொல்லாதவை. இரண்டாவது உலக மகா யுத்தத்தில், 1940-ல் ஜெர்மனியிலிருந்து ஒலித்த ஒரு ஸ்டேஷன், தன்னைப் "புதிய பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிலையம்" என்று அழைத்துக்கொண்டு, பிரிட்டனுக்குள்ளிருந்தே அதிருப்தியுற்ற பிரிட்டிஷார் பேசுவதுபோல் நடித்தது. பிரிட்டிஷார் சும்மா இருக்கவில்லை. ஸெப்டன் டெல்மர் என்ற பத்திரிகையாளரின் பொறுப்பில் 1941 மே மாதம் முதல் குஸ்டாவ் ஸீக்பிரீட் ஐன்ஸ் என்ற ஸ்டேஷன் இங்கிலாந்திலிருந்து ஜெர்மன் பாஷையில் பேசிற்று. ஹிட்லரிடம் பக்தியும் அவருடைய கட்சிப் பிரமுகர்களிடம் வெறுப்பும் கொண்ட ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி பேசுவதாகக் கேட்டவர்கள் எண்ணினார்கள். 1943-ல் அதை முடிக்கும்போதுகூட, ஜெர்மன் போலீஸார் நுழைந்து அவரைச் சுட்டுவிட்டதுபோல் ஒரு நாடகம் ஆடி முடித்தார்கள். இரு தரப்பாரும் செய்தது ஒரே வேலை. கேட்பவன் தன் தேசத்தான் பேசுகிறான் என்று நம்பி ஏமாறவேண்டும் என்பதே நோக்கம்.

இவற்றையெல்லாம் கண்டு, பெயரும் ஊரும் பதிவு செய்யாத ரேடியோ எதுவும் ஒலிக்கக்கூடாதென்று சட்டம் செய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நம் தேசத்துச் சரித்திரத்தில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1942 ஆகஸ்டு 9-ந் தேதி தலைவர்கள் சிறைப்பட்டார்கள். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. சர்க்கார் ரேடியோ சர்க்கார் சொன்னதையே சொல்லிற்று. அம்மாதம் 27-ந் தேதி பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கியது. அதை நடத்தியவர்களுள் முக்கியமானவரான உஷா மேத்தாவுக்கு அப்போது வயது 22. போலீஸாருக்கு அகப்படாதிருக்க வீடு வீடாக யந்திரத்தை மாற்றிக்கொண்டு, மற்றெங்கும் வராத செய்திகளை ஜனங்களுக்கு அளித்தார்கள். நவம்பர் 12-ந் தேதி போலீஸார் அதைக் கைப்பற்றினார்கள். உஷா மேத்தா நான்கு வருஷச் சிறைத்தண்டனை பெற்று 1946-ல் வெளிவந்தார். லைசென்ஸும் விலாசமும் இல்லாத ரேடியோ குற்றமென்றால், இதுவும் குற்றமே.

ஆனால் காங்கிரஸ் ரேடியோவுக்கும் டெல்மரின் ரேடியோவுக்கும் உள்ள பேதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. காங்கிரஸ் ரேடியோ தன் பெயரைச் சொல்லிற்று, 42.34 மீட்டரில் பேசுகிறோம் என்று அலைநீளத்தைச் சொல்லிற்று. இந்தியாவில் ஏதோ ஓரிடத்திலிருந்து பேசுகிறோம் என்றும் சொல்லிற்று. அது மறைத்தது வீட்டு விலாசம் ஒன்றையே. யார் சார்பில், எதற்காகப் பேசுகிறது என்பதை மறைக்கவில்லை. மற்றதோ, பெயரும் சொல்லி, ஊரையும் உணர்த்தி, இரண்டிலும் பொய்யுரைத்தது. பதிவுச் சட்டம் இருந்தால் முன்னது அகப்பட்டுக்கொள்ளும். பின்னது ஒரு பொய்ப் பெயரைப் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக நடக்கும்.

சட்டத்தின் வலை எங்கே விழுகிறது என்பதற்குச் சமீபத்திய உதாரணமும் உண்டு. வெளிநாட்டு ரேடியோக்களுக்கு வழிகாட்டிய ட்யூன்இன் என்ற ஜாபிதாவின் மேல், இசைக் கம்பெனிகள் இங்கிலாந்தில் தொடர்ந்த உரிமை வழக்கில், 2019-ல் கீழ்க் கோர்ட்டிலும் 2021-ல் அப்பீலிலும் பெரும்பாலும் கம்பெனிகளின் பக்கமே தீர்ப்பாயிற்று. 2022-ல் ரேடியோ கார்டன் பிரிட்டனிலிருப்பவர்களுக்கு வெளிநாட்டு ஸ்டேஷன்களை நிறுத்த நேர்ந்தது. பாட்டுக்குரியவனுக்கு உரிய பங்கு சேரவேண்டியது நியாயமே. ஆனால் அதன் பலனாகக் கதவு மூடியது பகிரங்கமாகப் பெயரும் ஊரும் காட்டிய நூற்றுக்கணக்கான நாணயமான ஸ்டேஷன்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, இவ்விஷயத்தில் சர்க்காரைவிடக் கேட்பவனுக்கே பொறுப்பு அதிகம். சாட்சிக் கூண்டில் நிற்பவனை வக்கீல் எப்படிச் சோதிப்பாரோ, அப்படியே ஊர் பேர் தெரியாத குரலையும் சோதிக்கவேண்டும். அது சொல்லும் செய்தியை, அதற்குச் சம்பந்தமில்லாத வேறொருவர் உறுதி செய்கிறாரா? தன் தரப்புக்குப் பாதகமான உண்மையை அது எப்போதாவது ஒப்புக்கொள்கிறதா? நேற்றுச் சொன்னது தவறென்று தெரிந்தால் இன்று திருத்துகிறதா? கடைசியாக, கேட்பவனை என்ன செய்யச் சொல்லித் தூண்டுகிறது. அதனால் லாபம் யாருக்கு? இந்நான்கு கேள்விகளுக்கும் நிற்காத குரல், எவ்வளவு பெரிய பெயரைச் சூட்டிக்கொண்டாலும் மொட்டைக் கடிதமே.

பாட்டுப் பாடும் ரேடியோ பெயர் சொல்லாவிட்டால் நஷ்டமில்லை. ராகத்துக்கு விலாசம் தேவையில்லை. செய்தி சொல்லும் ரேடியோ அப்படியன்று. செய்தி சொல்ல முன்வருகிறவர், அபாயத்தை முன்னிட்டுத் தம் வீட்டை மறைக்கலாம். தாம் யார் சார்பில் பேசுகிறார் என்பதை மறைக்கலாகாது. ஜாபிதாக்களைத் தொகுப்பவர்களும் இப்பேதத்தை அறிந்து, ஊர் தெரியாததை "தெரியாது" என்றே குறிக்க வேண்டும். யந்திரம் இருக்கும் ஊரை ஸ்டேஷனின் ஊராகக் காட்டிவிடலாகாது. இவ்வளவும் நடந்தால், புதுப் புதுக் குரல்களைத் தேடும் இப்பொழுதுபோக்கு, ஜனங்களுக்குக் கேட்கும் பழக்கத்தோடு விசாரிக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கும். குடியரசில் வாழ்பவர்களுக்கு இரண்டாவது பழக்கமே அதிகம் வேண்டுவது என்பது நமது அபிப்பிராயம்.